அட்டை, மைப்படி, எழுத்துரு: ஆரணி – திருமலை வட்டாரச் சான்றுகளின்வழி எண்ணிம ஊடக வரலாற்றை அணுகுதல்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம ஊடகங்களின் வரலாற்றைப் பழைய ஊடகப் பொருள்களின் வழியே ஆராயும் ஊடகத் தொல்லியல் அணுகுமுறை, நெசவுத் தறியைக் கணினியின் முன்னோடியாகக் காட்டும் வழக்கத்திற்கு இடமளித்துள்ளது. ஜக்கார்டு தறியின் துளை அட்டையிலிருந்து இன்றைய கணினிவரை நேர்கோடு வரையும் அவ்வழக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. ஆரணிப் பட்டு நெசவில் பயன்படும் துளை அட்டை, ஆரணிக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டுகளின் மைப்படி, யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக் கோப்பு ஆகிய மூன்றும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. ஒரு பதிவு அதனைப் படிக்கும் கருவியையும் பழக்கத்தையும் சார்ந்தே பொருள் தருகிறது என்பதும், எண்ணிமமாக்கம் பெரும்பாலும் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சார்பை விட்டுவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: ஊடகத் தொல்லியல், ஜக்கார்டு அட்டை, ஆரணிப் பட்டு, திருமலைக் கல்வெட்டுகள், மைப்படி, தமிழ்க் குறியேற்றம்

முன்னுரை

தமிழில் எண்ணிம ஊடக வரலாறு பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் கணினியில் தமிழ் நுழைந்த நாளிலிருந்து தொடங்குகின்றன. எழுத்துருக்கள், விசைப்பலகைகள், இணைய மாநாடுகள், யுனிகோடு ஏற்பு என அவ்வரலாறு ஆண்டு வரிசையில் அடுக்கப்படுகிறது. இவ்வரிசை பயனுடையது. ஆயினும், ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட மேம்பட்டது என்னும் எண்ணத்தை அது இயல்பாகவே உள்வாங்கிக் கொள்கிறது. பழைய கருவி புதிய கருவிக்கு வழிவிட்டு மறைந்தது என்று எழுதப்படும்போது, அக்கருவி எவ்வாறு இயங்கியது, அதனோடு எந்தத் திறன் மறைந்தது, அதன் எந்தப் பழக்கம் புதிய கருவிக்குள் தொடர்கிறது என்னும் வினாக்கள் எழுவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி வட்டாரம் ஏற்ற களமாகும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் விளைந்த சேலை புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூருக்கு அருகில், போளூர்ப் பகுதியில் அமைந்த திருமலை, சோழர் காலக் கல்வெட்டுகளும் குந்தவை சினாலயமும் உயர்ந்த நேமிநாதர் சிற்பமும் கொண்ட சமணத் தலம். ஒன்று தொழிலூர், மற்றொன்று வரலாற்றுச் சின்னம். இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்து நோக்கும் வழக்கம் இல்லை. ஆனால் ஒரு செய்தியை ஒரு பொருளின்மேல் பதிந்து, மீண்டும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தும் செயல் இரண்டிடத்தும் நிகழ்ந்துள்ளது. அதனால் இரண்டும் ஊடக வரலாற்றுக்கு உரியவை.

1. ஊடகத் தொல்லியலும் அதன் உள்முரணும்

மிஷேல் ஃபூக்கோ 1969இல் வெளியிட்ட ‘அறிவின் தொல்லியல்’ என்னும் நூல், தொடக்கம், வளர்ச்சி, முதிர்ச்சி என்னும் வரலாற்று வரிசையை ஐயத்திற்கு உட்படுத்தியது. அந்த ஐயத்தை நூல்களிலிருந்து கருவிகளுக்குக் கொண்டு சென்றவர்களுள் ஃபிரெட்ரிக் கிட்லர் முதன்மையானவர். 1986இல் வெளிவந்த அவருடைய ‘கிராமஃபோன், திரைப்படம், தட்டச்சுப்பொறி’ என்னும் நூல், எழுதும் கருவி மாறும்போது எழுத்தின் இயல்பும் மாறுகிறது என்பதை நிறுவ முயன்றது. சீக்ஃப்ரீட் சீலின்ஸ்கி ஊடகங்களின் ஆழ்காலம் பற்றி எழுதியபோது, எளிமையிலிருந்து சிக்கலுக்கு நகரும் ஏறுகோடாக ஊடக வரலாற்றைக் காண்பதை மறுத்தார். யுஸ்ஸி பரிக்காவின் ‘ஊடகத் தொல்லியல் என்றால் என்ன?’ (2012) இத்துறையின் பல போக்குகளையும் தொகுத்துக் காட்டியது. பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் எர்ன்ஸ்ட் உருவாக்கிய பழங்கருவித் தொகுப்பு, பழைய கருவிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்காமல் இயக்கிப் பார்ப்பதற்கென அமைந்தது. இயங்காத வானொலி வெறும் மரப்பெட்டி என்பது அவர் அணுகுமுறையின் சாரம்.

இவ்வறிஞர்களுக்கு இடையே வேறுபாடுகள் பல இருப்பினும், முன்னேற்றக் கதையை நம்பாமை அனைவர்க்கும் பொது. ஆனால் இத்துறை பொதுவாசகரிடம் சென்று சேர்ந்தபோது, அது மறுத்த அதே கதை வேறு வடிவில் திரும்பி வந்தது. இன்றைய கருவிக்கு எங்கோ ஒரு பழைய மூதாதையைக் கண்டுபிடித்துக் காட்டுவதே ஊடகத் தொல்லியல் என்னும் எண்ணம் பரவியது. தறி – கணினி உறவு பற்றிய எழுத்துகளில் இது தெளிவாகத் தெரிகிறது.

2. தறி கணினியின் முன்னோடியா?

துளையிட்ட தாளால் தறியை இயக்கும் முயற்சி பிரான்சின் லியோன் நகரப் பட்டுத் தொழிலில் தோன்றியது. 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட தாள் சுருளைப் பயன்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபால்கோன் சுருளுக்கு மாற்றாகக் கோத்த அட்டைகளைக் கொண்டுவந்தார். 1745 அளவில் வோக்கன்சோன் அதனைத் தானியங்கியாக்க முயன்றார். இம்முயற்சிகளை ஒன்றிணைத்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலுக்குப் பயன்படும் கருவியாக்கியவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. அவருடைய உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று 1839இல் லியோனில் உருவானது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதன் படி ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்குத் துளை அட்டைகளைப் பயன்படுத்த அவர் எண்ணினார். அப்பொறியை விளக்கி அடா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளும் அதனை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டன.

இச்செய்திகளை அடித்தளமாகக் கொண்டு ஜேம்ஸ் எஸ்ஸிஞ்சர் 2004இல் வெளியிட்ட ‘ஜக்கார்டின் வலை’ என்னும் நூல், கைத்தறியே தகவல் யுகத்தின் பிறப்புக்கு இட்டுச் சென்றது என வாதிட்டது. ஜக்கார்டு, பாபேஜ், ஹாலரித், ஐ.பி.எம். என நீளும் அதன் வரிசை படிப்பதற்குச் சுவையானது. தறியின் அட்டையில் துளை உண்டு அல்லது இல்லை. கணினியில் ஒன்று உண்டு அல்லது சுழியம் உண்டு. ஆகவே இரண்டும் ஓரினம் என்று அவ்வரிசை மிக எளிதாகச் சுருக்கப்பட்டு, பாடநூல்களிலும் மேடைகளிலும் வழங்கலாயிற்று.

இதற்கு எதிர்வாதம் விரைவிலேயே எழுந்தது. கணிமையியலாளர் மார்ட்டின் டேவிசும் நெசவியல் அறிந்த வர்ஜீனியா டேவிசும் 2005இல் இணைந்து எழுதிய கட்டுரை, இது பிழையான வமிசாவளி எனத் தலைப்பிலேயே அறிவித்தது. எதிர்வாதத்தின் வலிமையைத் தறியின் இயக்கமே காட்டும். தறி கணக்கிடுவதில்லை. ஓர் இழையைப் போட்டபின் கிடைத்த விளைவைச் சோதித்து, அடுத்து எந்த அட்டைக்குச் செல்வது என அது முடிவு செய்வதில்லை. அட்டைகள் கோக்கப்பட்ட வரிசையிலேயே வருகின்றன. கணினியைக் கணினியாக்கும் நிபந்தனைத் தாவல் அதில் இல்லை. ஹாலரித்துக்கும் தறிக்கும் இடையே வரையப்படும் கோடும் உறுதியானதன்று. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டைப் பொறியை வடிவமைத்த ஹாலரித், பயணியின் அடையாளங்களைக் குறிக்கத் தொடர்வண்டி நடத்துநர் பயணச்சீட்டில் துளையிட்ட முறையிலிருந்து தமக்கு அவ்வெண்ணம் கிடைத்ததாகக் கூறியுள்ளார்.

ஆகவே முன்னோடி வாதம் வலுவிழக்கிறது. எனினும் எதிர்வாதத்திலும் ஒரு குறை உண்டு. தறி கணினியின் மூதாதை அன்று என நிறுவியதோடு, எண்ணிம ஊடக வரலாற்றில் தறிக்குப் பேச எதுவுமில்லை என்னும் நிலைக்கு அது வாசகரைக் கொண்டுசெல்லக்கூடும். மூதாதை உண்டா இல்லையா என்பதே இருதரப்புக்கும் வினாவாக இருப்பதால், அட்டை என்னும் பொருள் இருதரப்பிலும் கையில் எடுக்கப்படவில்லை. கணினி தன்னை நினைவில்லாதவற்றோடு பகிரும் சிக்கல்களும் உண்டு: பதிவைச் சேமித்தல், படித்தல், படியெடுத்தல், பழுதுபார்த்தல், கைவிடுதல். இவை கணக்கிடும் திறனைச் சார்ந்தவை அல்ல. இங்குதான் அட்டை சான்றாகிறது.

3. அட்டையில் இருப்பதும் இல்லாததும்

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் குழித்தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி பொருத்தப்படுகிறது. பெட்டிக்குள் நிற்கும் கொக்கிகள் ஒவ்வொன்றும் கீழே நூற்கட்டின்வழிப் பாவு இழைகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். கொக்கிகளைக் கிடைமட்ட ஊசிகள் கட்டுப்படுத்துகின்றன. நெசவாளர் மிதிக்கும்போது அட்டை ஊசிமுனைகளின்மேல் அழுந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே செல்ல, கொக்கி தன் நிலையிலேயே நின்று மேலெழுகிறது. அதனோடு பிணைந்த பாவு இழையும் எழுகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட, கொக்கி விலகிக் கீழேயே நின்றுவிடுகிறது. திறந்த இடைவெளியில் நாடா ஓட, ஓர் ஊடை அமைகிறது. ஓர் அட்டை ஓர் ஊடைக்குரியது. அட்டைகளைச் சுமந்து திரும்பும் உறுப்பை உருளை என்று தொழிலில் அழைத்தாலும், அது நான்கு முகங்கள் கொண்ட கட்டையே.

240 கொக்கிகள் கொண்ட பெட்டியில் 400 ஊடைகளுக்குரிய ஒரு பூவேலையை எடுத்துக்கொண்டால், 400 அட்டைகளில் 96,000 இடங்கள் துளையிடப்பட்டோ துளையிடப்படாமலோ இருக்கும். கணினிமொழியில் இது 96,000 பிட்டுகள், அதாவது 12,000 பைட்டுகள். ஒரு சிறு ஒளிப்படத்தைவிடவும் குறைவான அளவு. அட்டைத் தொகுதியை ஒளிவருடி இவ்வெண்களைக் கோப்பாக்கிவிட்டால் பூவேலை காக்கப்பட்டுவிட்டது என ஒருவர் கருதலாம். அக்கருத்து எங்கே பிழைபடுகிறது என்பதே இங்குக் காணத்தக்கது.

முதலாவது, எந்தக் கொக்கி எந்தப் பாவு இழையோடு பிணைந்துள்ளது என்பது அட்டையில் இல்லை. அது நூற்கட்டில் உள்ளது. ஒரே அட்டைத் தொகுதி வேறுவகையில் கட்டப்பட்ட தறியில் வேறு உருவத்தையோ குலைந்த உருவத்தையோ தரும். இரண்டாவது, நிறம் அட்டையில் இல்லை. எந்த ஊடைக்கு எந்த நிறப் பட்டு, எந்த இடத்தில் ஜரிகை என்பதை நெசவாளரின் கையும் நினைவும் அறியும். மூன்றாவது, வரிசையைத் திருப்பும் உரிமையும் அட்டைக்கு வெளியே உள்ளது. சமச்சீரான பூவேலைக்குப் பாதி அட்டைகளை மட்டும் துளையிட்டு, உருளையை எதிர்த்திசையில் திருப்பி மறுபாதியை நெய்துவிடலாம். தொகுதியை மட்டும் காண்பவருக்கு அது பாதி உருவமாகவே தோன்றும். நான்காவது, அட்டையில் உள்ள எல்லாத் துளைகளும் பூவேலையைச் சேர்ந்தவை அல்ல. கட்டையின் முளைகளில் பொருந்துவதற்கான பெரிய துளைகளும், அட்டைகளைக் கயிற்றால் கோப்பதற்கான துளைகளும் உருவத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை; ஆயினும் அவையின்றி எந்த உருவமும் நெய்யப்படாது.

பழுதும் ஒரு சான்று. இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி தேய்ந்து கிழிந்தால் எழக்கூடாத கொக்கி எழும். உருவம் மீளும் ஒவ்வொரு முறையும் அதே ஊடையில் அதே பிழை வரும். அதனை ஒட்டுப்போட்டுச் சரிசெய்த அட்டை, அத்தொகுதி எவ்வளவு காலம் ஓடியது, எந்த இடத்தில் மிகுதியாகத் தேய்ந்தது என்பதைக் காட்டுகிறது. கோப்பாக மாற்றும்போது ஒட்டு ‘துளை இல்லை’ என்னும் ஒரே மதிப்பாகிவிடும். உருவம் காக்கப்படும், உழைப்பின் தடம் நீங்கும்.

இந்நான்கு குறைபாடுகளும் பழுதின் தடமும் ஒன்றைச் சுட்டுகின்றன. அட்டை தன்னளவில் முழுமையான பதிவு அன்று. அது கட்டத்தாளில் வரைந்த வடிவமைப்பாளர், துளையிட்டவர், நூற்கட்டு அமைத்தவர், நெசவாளர் ஆகியோரிடையே பகிர்ந்து வைக்கப்பட்ட பதிவின் ஒரு பகுதி. ஜக்கார்டுக்கு முன் வழங்கிய அடை முறையில் உருவம் நூற்கட்டிலேயே இருந்தது. அதனை இழுக்கத் துணையாள் தேவைப்பட்டார். ஜக்கார்டு வந்தபோது அந்நூலறிவின் ஒரு பகுதி அட்டைக்கு நகர்ந்தது. மறுபகுதி தறியிலேயே நின்றது. 1983இல் பொனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை அறிமுகப்படுத்தியபின், ஊசிகளின் வேலையை மின்காந்தங்கள் ஏற்றன; அட்டை கோப்பாயிற்று. அப்போதும் நூற்கட்டு கோப்புக்குள் செல்லவில்லை. ஆகவே எண்ணிமம் என்பது பழையது முழுவதும் நீங்கிப் புதியது முழுவதும் நுழைந்த ஒரு நாள் அன்று. ஓர் அறிவு பல பொருள்களிடையே மீண்டும் மீண்டும் பங்கிடப்படும் நிகழ்வாகவே அது தறியில் காணப்படுகிறது.

4. திருமலை: கல்லும் மைப்படியும் அச்சும்

இதே பங்கீட்டைத் திருமலையின் கல்வெட்டுகளிலும் காணலாம். நெசவுக்கும் கல்வெட்டுக்கும் வரலாற்று உறவு உண்டு என்பது இதன் பொருளன்று. பதிவு ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குச் செல்லும்போது என்ன நேர்கிறது என்னும் வினா இரண்டுக்கும் பொது.

திருமலைக் கல்வெட்டுகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியோடு அமைந்த கல்வெட்டு. சோழரின் கங்கைப் படையெடுப்பை ஆராய்வோர் அதனைத் தவறாது குறிப்பிடுவர். ஆனால் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்ட காரணம் படையெடுப்பு அன்று. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்திற்கு விளக்கும் கொடையும் அளித்த செய்தியே அதன் நோக்கம். மெய்க்கீர்த்தி அரசின் பொதுப்பகுதி. பல ஊர்களின் கற்களில் ஏறத்தாழ ஒரே வடிவில் பொறிக்கப்பட்டது. கொடைச்செய்தி அவ்வூருக்கே உரிய தனிப்பகுதி. பொதுப்பகுதியையும் தனிப்பகுதியையும் இணைத்து ஆவணம் உருவாக்கும் இம்முறை, அச்சிட்ட படிவத்தையோ கணினி வார்ப்புருவையோ நினைவூட்டலாம். மெய்க்கீர்த்தியை வார்ப்புருவின் மூதாதை எனக் கூறினால் மேலே கண்ட பிழையே திரும்ப நேரும். ஆனால் தரவுத்தளத்தில் தேடி எடுக்கப்படும்போது பொதுப்பகுதி மட்டும் மேலெழுந்து, சாமுண்டப்பையின் விளக்கு பின்தள்ளப்படுவதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது. எந்தப் பகுதி பிரித்தெடுக்கப்படுகிறது என்பது ஊடகத்தின் தேர்வாகவும் அமைந்துவிடுகிறது.

திருமலையின் மற்றொரு கல்வெட்டு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. சேரர் வழிவந்த எழினி முன்பு செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதுற்ற நிலையில், அவன் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்து நிறுவிய செய்தி அதில் உள்ளது. வடமொழியிலும் தமிழிலும் அச்செய்தி பதியப்பட்டுள்ளது. பழையதைப் புதுப்பித்தவர், முதலில் செய்தவரின் பெயரை அழிக்காமல் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்தார். எண்ணிமமாக்கத் திட்டங்களில் மூலப் படியை உருவாக்கியவர் யார், அது எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் குறிப்புகள் விடுபடுவதை எண்ணும்போது, இவ்வொழுங்கு கவனத்திற்குரியது.

இக்கல்வெட்டுகள் அறிஞர் உலகுக்குக் கல்லாகச் செல்லவில்லை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களில் பதியவைத்து, மைபூசி எடுக்கும் மைப்படியாகச் சென்றன. இ. ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் திருமலைக் கல்வெட்டுகள் இடம்பெற்றன. இராசேந்திரன் கல்வெட்டு பின்னர் எபிகிராஃபியா இண்டிகா ஒன்பதாம் தொகுதியிலும் பதிப்பிக்கப்பட்டது. மைப்படியில் எழுத்து வெள்ளையாகவும் கற்பரப்பு கருமையாகவும் தோன்றும். கல்லின் ஆழமும் வெடிப்பும் ஓரளவு அதில் தங்கும். அச்சுக்கு வரும்போது அவை நீங்கி, சிதைந்த எழுத்து அடைப்புக்குறியாகிறது. கல்லில் பெரும்பாலும் இடப்படாத புள்ளி, பதிப்பாசிரியரின் படிப்பால் இடப்படுகிறது. எகர ஏகார வேறுபாடும் அவ்வாறே. அச்சுப்பக்கம் பின்னர் ஒளிவருடப்பட்டு எழுத்துணரி வழியே வெறும் உரையாக்கப்படும்போது, அடைப்புக்குறிகளும் நீங்கிவிடக்கூடும். அந்நிலையில், ஐயத்தோடு படிக்கப்பட்ட எழுத்தும் தெளிவாகக் கண்ட எழுத்தும் ஒரே உறுதியுடன் திரையில் நிற்கும்.

மைப்படி என்பது இடைக்காலக் கருவி அன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்வு ஒன்று சான்று. மைசூரில் வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அச்சுத் தொகுதிகளும் எண்ணிமப் படிகளும் இருக்கும் காலத்தில் தாள்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது வழக்காயிற்று. கல் உடைந்தோ சுண்ணாம்பு பூசப்பட்டோ போன இடங்களில் அத்தாளே எஞ்சிய மூலம் என்பதால்தான் அவ்வழக்குக்குப் பொருள் உண்டு. படி எனக் கருதப்பட்டது மூலமாகும் இந்நிலை, தறியிலிருந்து இறக்கப்பட்ட அட்டைக்கும் நாளை நேரலாம்.

5. எழுத்துருவுக்குள் இருக்கும் தட்டச்சுப்பொறி

மூன்றாவது சான்று கணினிக்குள்ளேயே உள்ளது. யுனிகோடு பரவலாவதற்குமுன் தமிழ்க் கோப்புகள் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் உரிய குறியேற்றத்தில் அமைந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகளில் குறியேற்றத் தரப்பாடு முதன்மையான விவாதப் பொருளாயிற்று. தாம், தாப், திஸ்கி ஆகிய குறியேற்றங்கள் அக்காலத்தவை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், திஸ்கியிலிருந்து யுனிகோடுக்குத் தன் நூல்களைப் பெயர்த்தது. அப்பெயர்ப்பு இல்லாத கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே தோன்றும். நூற்கட்டு இழந்த அட்டையின் நிலையும் இதுவே. எண்கள் அனைத்தும் பழுதின்றி உள்ளன. படிக்கும் அமைப்பு இல்லை.

இக்கோப்புகளைத் திறந்து பார்த்தால் மேலும் ஒன்று புலப்படும். ‘கொ’ என்னும் எழுத்து திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில், கண்ணுக்குத் தெரியும் முறையில் சேமிக்கப்பட்டது. யுனிகோடில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் அமையும். முன்னது தமிழ்த் தட்டச்சுப்பொறியில் விரல் சென்ற வரிசை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப்பொறி முதலாகக் கொம்பை முதலில் தட்டுவதே பழக்கம்; அச்சுக் கோப்பவரும் இடமிருந்து வலமாகவே எழுத்துகளை அடுக்கினார். ஆகவே அக்கால எண்ணிமக் கோப்பு ஒவ்வொன்றும் தட்டச்சுப்பொறியின் அசைவைத் தன்னுள் பதிந்து வைத்துள்ளது. யுனிகோடுக்கு மாற்றும் நிரல் அவ்வரிசையை மாற்றிவிடுகிறது. படிப்பதற்கு அம்மாற்றம் இன்றியமையாதது. ஆனால் மாற்றியபின் பழைய கோப்பை அழித்துவிட்டால், தமிழ் எழுத்து இயந்திரத்திலிருந்து கணினிக்கு எப்படி வந்தது என்பதற்கான நேரடிச் சான்றும் அதனோடு அழியும்.

தமிழ்க் கணிமை வரலாறு எழுதுவோர் இக்குறியேற்றங்களை யுனிகோடுக்கு முந்தைய குழப்பம் எனக் கடந்து செல்வதுண்டு. பயனருக்கு அது குழப்பமே. ஆய்வாளருக்கு அவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு முடிவின் தடம்: கிரந்த எழுத்துகளுக்கு எத்தனை இடம், உயிர்மெய்களை முழுவடிவாக வைப்பதா குறிகளாகப் பிரிப்பதா, ஆங்கிலத்தை ஒரே எழுத்துருவில் சேர்ப்பதா என்பன அன்று எடுக்கப்பட்ட முடிவுகள். அம்முடிவுகளை மாநாட்டு அறிக்கைகள் விளக்கலாம். எழுத்துருக் கோப்பே அவற்றை மெய்ப்பிக்கும்.

6. தொகுப்புக்கான அளவுகோல்

மூன்று சான்றுகளும் ஒரே நடைமுறை முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. எண்ணிமமாக்கும்போது பதிவை மட்டுமன்றி அதன் சார்பையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். ஆரணி நெசவு அட்டைகளைப் பொறுத்தவரை, ஒளிவருடிய துளைகளோடு கொக்கி எண்ணிக்கை, நூற்கட்டு வரைபடம், நிற வரிசை, நெசவாளர் வழங்கும் பூவேலைப் பெயர், நெய்த துணியின் ஒரு துண்டு ஆகியவையும் இடம்பெற வேண்டும். இயன்றால் இயங்கும் தறி ஒன்றில் அத்தொகுதி ஓடும்போது அதன் காட்சியும் ஒலியும் பதியப்பட வேண்டும். கல்வெட்டைப் பொறுத்தவரை, கல் நிற்கும் இடம், மைப்படி, அச்சு வடிவம், திரை வடிவம் ஆகிய நான்கும் தனித்தனியே சுட்டப்பட வேண்டும். எழுத்துருக் கோப்பைப் பொறுத்தவரை, மாற்றிய உரையோடு மாற்றாத மூலக் கோப்பும், எழுத்துருவும், விசைப்பலகை அமைப்பும் காக்கப்பட வேண்டும்.

இவற்றுள் மிக விரைவாக மறையக்கூடியது நெசவு அட்டை. கல் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் நிற்கிறது. மைப்படிக்கு நீதிமன்ற உத்தரவு உள்ளது. எழுத்துருவைப் படியெடுப்பது எளிது. அட்டைக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. தறியிலிருந்து இறங்கியபின் அது இடத்தை அடைக்கும் பழைய தாள். மின்னணுப் பெட்டி பொருத்தப்பட்ட வீட்டில் அதனை வைத்திருக்க வேண்டிய தொழில் தேவையும் இல்லை. ஜரிகை தெரியும் பழைய சேலையை அருங்காட்சியகம் ஏற்கும். அச்சேலையை உருவாக்கிய அட்டைக் கட்டைக் கேட்டுப் பெறும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை.

நூற்கட்டை அமைத்து அதன் கணக்கை நினைவில் வைத்திருப்போரின் அறிவு இன்னும் விரைவில் நீங்கக்கூடியது. அட்டையைப் பத்தாண்டு கழித்தும் ஒளிவருடலாம். எந்தக் கொக்கி எந்த இழைக்கு என்பதைச் சொல்லக்கூடியவர் இல்லாதபோது, ஒளிவருடிய கோப்பு 96,000 இடங்களின் பட்டியலாகவே நிற்கும்.

முடிவுரை

தறியைக் கணினியின் முன்னோடி எனப் போற்றுவது தறிக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது தறியின் மதிப்பைக் கணினியிடமிருந்து கடன் வாங்குகிறது. கணினிக்கு வழிவிட்டதால் மட்டுமே தறி வரலாற்றில் இடம்பெறுமாயின், வழிவிட்டபின்னும் இரண்டு நூற்றாண்டுகளாக ஓடிவரும் தறிகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. ஆரணியின் தறி அத்தகையது. அது மூதாதை அன்று. எண்ணிமக் கருவிகளோடு உடன்வாழும் ஊடகம்.

அட்டை, மைப்படி, எழுத்துரு ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை அல்ல. அவை ஒரே சிக்கலின் மூன்று நிலைகள். பதிவு ஒன்று தனக்குள் இல்லாத ஒன்றைச் சார்ந்தே பொருள் தருகிறது. பெயர்ப்பு நிகழும்போதெல்லாம் அச்சார்பே முதலில் கைவிடப்படுகிறது. எண்ணிம ஊடகத்தின் தமிழ் வரலாறு இச்சார்புகளின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும். அதற்கான சான்றுகள் நூலகங்களில் மட்டும் இல்லை. ஆரணியின் வீடுகளில் பரண்மேல் கட்டிவைக்கப்பட்ட அட்டைத் தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். அவற்றைப் படித்துக் காட்டக்கூடியவர்கள் தறியில் இருக்கும்போதே அத்தொகுப்பு தொடங்கப்பட வேண்டும்.